நிறம் ஏமாற்றும் நெபியோலோ

பத்து ஆண்டு வயதான பரோலோ வைனைக் கோப்பையில் ஊற்றியதும், யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்றுதான் புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். அவ்வளவு மெல்லிய சிவப்பு. விளிம்பில் அதுவும் மங்கி, சுட்ட செங்கல்லின் நிறத்துக்கு வந்திருக்கும். அதே ஊரில் விளைந்த பார்பேரா திராட்சையின் வைனைப் பக்கத்தில் வைத்தால், அது நீலம் பாய்ந்த கரும் ஊதா. இரண்டில் எது வலுவானது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பார்பேராவைக் காட்டுவார்கள். வாயில் வைத்தால் கதை தலைகீழ். பார்பேரா புளிப்பும் பழச்சுவையுமாக, எந்த எதிர்ப்பும் காட்டாமல் இறங்கிவிடும். வெளிறிய பரோலோதான் ஈறுகளைக் கவ்விப் பிடிக்கும். நாக்கு உலர்ந்து, கன்னத்தின் உட்புறம் இறுகிப் போகும்.

பரோலோவுக்குச் சட்டப்படி ஒரே திராட்சைதான்: நெபியோலோ. இத்தாலியின் வடமேற்கில், ஆல்ப்ஸும் அப்பனைன் மலைகளும் வளைத்து நிற்கும் பியட்மான்ட் மாநிலத்தில், ஆல்பா நகரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகள் அதன் தாய்வீடு. அங்கே பதினொரு ஊர்களில் விளைவது பரோலோ. தானரோ ஆற்றை ஒட்டி, ஆல்பாவுக்குக் கிழக்கே விளைவது பார்பரெஸ்கோ. இதே திராட்சை வடக்கே கத்தினாராவில் ஸ்பன்னா என்றும், சுவிஸ் எல்லையை ஒட்டிய வால்தெல்லினாவில் கியாவென்னாஸ்கா என்றும் வேறு பெயர்களில் வளர்கிறது. எங்கே வளர்ந்தாலும் மேலே சொன்ன புதிர் மட்டும் மாறுவதில்லை. சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்து சேர்ந்தே வருகின்றன. கருத்த வைன் துவர்க்கும், வெளிறிய வைன் துவர்க்காது என்பதே பொதுவழக்கு. நெபியோலோ ஏன் விலகி நிற்கிறது?

நிறத்திலிருந்து தொடங்கலாம். திராட்சையின் சதைக்கு அநேகமாக நிறமே கிடையாது. நசுக்கினால் வெள்ளைச் சாறுதான் வரும். சிவப்பெல்லாம் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமிகளின் வேலை. இவற்றில் முக்கியமானவை ஐந்து. அடிப்படைக் கட்டமைப்பு ஒன்றுதான். ஒரு வளையத்தின் ஓரங்களில் என்னென்ன தொங்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. பார்பேரா, டொல்செட்டோ, கபர்னே சோவின்யோன் போன்ற பெரும்பாலான கருந்திராட்சைகளில் மால்விடின் என்பது ஆட்சி செய்கிறது. அதன் இரு பக்கத்தையும் மீதாக்சி தொகுதிகள் காத்து நிற்பதால், ஆக்சிஜன் அவ்வளவு எளிதில் அதைத் தாக்க முடியாது. நெபியோலோவில் கூடுதலாக இருப்பவை பியோனிடினும் சயனிடினும். அந்தக் காவல் இவற்றுக்கு இல்லை, அல்லது அரைகுறையாகத்தான் உண்டு. போதாக்குறைக்கு, நொதித்தல் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே தோலைவிட்டு முதலில் கரைந்து வருபவையும் இவைதான். ஆக்சிஜனும் திராட்சையின் நொதிகளும் மும்முரமாக இருக்கும் நேரத்தில் வந்து மாட்டிக்கொள்கின்றன. மொத்த நிறமியே குறைவு. அதிலும் பெரும்பங்கு சீக்கிரம் அழியும் வகை. நெபியோலோ பிறக்கும்போதே பாதி நிறத்தை இழந்துவிடுகிறது என்றால் மிகையாகாது.

துவர்ப்பின் வழி வேறு. அது டானின்களின் வேலை. டானின்கள் தோலிலும் இருக்கின்றன, விதையிலும் இருக்கின்றன. கொட்டைப்பாக்கை மென்றால் வாய் எப்படி இழுத்துப் பிடிக்கிறதோ, அதற்குக் காரணமான மூலக்கூறுக் குடும்பமும் இதுவே. நம் உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் இருக்கின்றன. வாய்க்கு வழுவழுப்பைத் தருவதில் அவற்றுக்குப் பங்குண்டு. டானின்கள் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரிதிரியாகப் படியச் செய்கின்றன. மசகு போனதும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. எனவே துவர்ப்பு பாதி சுவை என்றால் பாதி தொடுவுணர்வு. நெபியோலோவின் தோலிலும் விதையிலும் டானின் ஏராளம். நொதிக்கும்போது ஆல்கஹால் ஏற ஏற விதையின் டானின் நன்றாகக் கரைந்து வெளியே வருகிறது. நிறம் முதல் வாரத்தில் வந்து கரைகிறது. துவர்ப்பு மெதுவாக வந்து நிலைக்கிறது. இந்தக் கால இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால், லாங்கேயில் பின்னால் மூண்ட ஒரு பெரிய சண்டை எளிதில் விளங்கும். அதற்கு முன் அந்த நிலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

லாங்கே குன்றுகள் ஒருகாலத்தில் கடலடி. மயோசீன் காலத்தில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்குள், அங்கே இருந்த கடலின் அடியில் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்தன. பிறகு நிலம் உயர்ந்தது, கடல் விலகியது, தானரோ ஆறு அந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு ஓடியது. மத்தியதரைக் கடலே சுமார் ஐம்பத்தைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு உறவறுந்து வற்றத் தொடங்கிய ஒரு கட்டம் உண்டு; அப்போது படிந்த ஜிப்சம் அடுக்குகளை ஆல்பாவுக்குப் பக்கத்தில் இன்றும் காணலாம். கொஞ்சம் கிழக்கே ஆஸ்டி மாவட்டத்தில், அதற்கும் பிந்திய பிளையோசீன் மணலில் திமிங்கில எலும்புகளே கிடைக்கின்றன. ஆஸ்டி நகரின் தொல்லுயிர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். கொடிக்குக் குழி தோண்டப் போனால் கிளிஞ்சல் அகப்படும் நிலம் அது.

பரோலோ பகுதிக்குள்ளேயே இரண்டு விதமான மண். மேற்கே, லா மொர்ராவையும் பரோலோ கிராமத்தையும் சுற்றி, சாந்த் ஆகத்தா என்று புவியியலாளர் அழைக்கும் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். கிழக்கே, செர்ரலுங்கா முகட்டில், அதைவிட மூத்த லெக்கியோ அடுக்குகள். மணற்கல்லும் களியும் மாறி மாறி வரும். லா மொர்ராவின் வைன் சீக்கிரம் பதமாகி மணக்கும், செர்ரலுங்காவின் வைன் ஆண்டுக்கணக்கில் முகம் கொடுக்காது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. எல்லாத் தோட்டத்துக்கும் அது அப்படியே பொருந்திவிடாது. மண்ணிலுள்ள தாதுச்சுவை வேர் வழியாக ஏறி நேரே கோப்பைக்கு வந்துவிடுகிறது என்ற பேச்சையும் நான் நம்புவதில்லை. மண் செய்யும் வேலை பெரும்பாலும் நீர்க்கணக்குதான். ஆகஸ்ட் வெயிலில் கொடிக்கு எவ்வளவு தண்ணீர் மிச்சம் வைக்கிறது, எப்போது கைவிடுகிறது என்பதைப் பொறுத்துப் பழத்தின் அளவும் தோலின் தடிமனும் மாறுகின்றன. மீதி எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. வடக்கே கத்தினாராவில் கடலடி மண்ணே கிடையாது. சுமார் இருபத்தெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு பெரும் எரிமலையின் பாறைமேல் நெபியோலோ வளர்கிறது. அங்கேயும் நிறம் வெளிறியே இருக்கிறது; அங்கேயும் துவர்ப்பு விடுவதில்லை.

மண்ணைவிடக் கறாரானது சரிவு. நெபியோலோ வசந்தத்தில் முதலில் துளிர்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தது, பழுப்பதிலோ கடைசி. முன்பெல்லாம் அக்டோபர் நடுவிலும் கடைசியிலும், பள்ளத்தாக்கை மூடுபனி நிறைத்த பிறகுதான் பறிப்பார்கள். தொடக்கத்தில் உறைபனிக்கும் இறுதியில் மழைக்கும் அஞ்சி நடுங்க வேண்டிய பயிர். ஆகவே குன்றின் நல்ல இடமெல்லாம் அதற்கே. தெற்கு, தென்மேற்கு பார்த்த, குளிர்காலப் பனி முதலில் உருகும் சரிவைப் பியட்மான்ட் பேச்சில் சோரி என்பார்கள், நெபியோலோவுக்குச் சோரி. அடுத்த தரச் சரிவு பார்பேராவுக்கு. உயரமான, குளிர்ந்த இடம் டொல்செட்டோவுக்கு; அது நெபியோலோவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே பழுத்துவிடும் என்பதால் வெயில் குறைந்தாலும் கவலையில்லை. வடக்குச் சரிவில் ஹேசல்நட் மரங்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஆல்பாவில் தொடங்கிய ஃபெரேரோ மிட்டாய்த் தொழில் எழுந்தது அந்தக் கொட்டைகளின்மேல்தான். ஈரமான பள்ளத்தில் ஓக், பாப்லார் மர வேர்களை ஒட்டி வெள்ளை ட்ரஃபிள் காளான். ஒரே குன்றைச் சுற்றி நடந்தால் விவசாயியின் கணக்குப் புத்தகத்தையே படித்துவிடலாம். பரோலோவின் சட்டமும் இதை டிகிரிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது: நேர் வடக்கிலிருந்து இருபுறமும் 45 டிகிரிக்குள் பார்க்கும் சரிவில் நடப்பட்ட கொடிக்குப் பரோலோ என்ற பெயர் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 170 மீட்டருக்குக் கீழும் 540 மீட்டருக்கு மேலும் கூடாது.

கவாத்திலும் நெபியோலோ தொல்லைதான். கிளையின் அடியில் உள்ள முதல் சில மொட்டுகள் காய்ப்பதில்லை; எனவே குட்டையாக வெட்ட முடியாது, நீளமாக விட்டுக் கம்பியில் கட்ட வேண்டும். பார்பேரா எப்படி வெட்டினாலும் காய்க்கும், தாராளமாகக் காய்க்கும். பியட்மான்டில் அதிகம் நடப்பட்ட கருந்திராட்சை பார்பேராவாக இருப்பதில் வியப்பில்லை. அதில் டானின் சொற்பம், அமிலம் அதிகம். அமிலச் சூழலில் ஆந்தோசயனின் பளிச்சென்ற சிவப்பைக் காட்டும் என்பதால் பார்பேராவின் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. டொல்செட்டோவுக்கு நேரெதிர்க் குணம்: அமிலம் குறைவு, டானின் உண்டு, நிறம் அடர்த்தி, அன்றாடச் சாப்பாட்டு மேசையில் வைப்பது அதைத்தான்.

நெபியோலோவின் பெயர் 13ஆம் நூற்றாண்டு ஆவணத்திலேயே வருகிறது. 1266இல் தூரின் நகருக்குப் பக்கத்து ரிவோலியில் ஒரு கோட்டைக் கணக்கில் அதன் பதிவு இருக்கிறது. ஆனால் அந்தக் கால வைன் நாம் இன்று அறிந்த பரோலோ அல்ல. 1787இல், பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் தூரினுக்கு வந்து நெபியோலோ குடித்தார். இனிப்பு, துவர்ப்பு, நுரைப்பு மூன்றும் ஒன்றாக இருந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். விசித்திரமான கலவை; காரணம் நாட்காட்டி. பழம் பறிப்பது அக்டோபர் கடைசியில். சாறு நொதிக்கத் தொடங்கும்போது நிலவறையில் குளிர் இறங்கிவிடும். ஈஸ்ட் பாதி வேலையில் ஓய்ந்து போகும்; சர்க்கரை மிச்சமிருக்கும். வசந்தத்தில் சூடு வந்ததும் ஈஸ்ட் மறுபடி கண் விழிக்கும். மூடிய பாத்திரத்துக்குள் வாயு சேர்ந்து நுரைக்கும்.

அதை முழுக்க நொதிக்கவிட்டுச் சர்க்கரையற்ற, ஆண்டுக்கணக்கில் நிற்கும் வைனாக்கியது 19ஆம் நூற்றாண்டு. பிரெஞ்சுக்காரியான மார்க்கேசா ஜூலியட் கோல்பேர் பரோலோவில். பின்னாளில் இத்தாலியின் முதல் பிரதமரான கவூர், 1832 முதல் பதினேழு ஆண்டுகள் மேயராக இருந்த கிரின்சானேயில். கவூருக்கு யோசனை சொன்னவர் பிரெஞ்சு வணிகர் லூயி ஊதார்தா, முன்னாள் ராணுவ அதிகாரியும் 1835இல் வைன் தயாரிப்புக் கையேடு எழுதியவருமான பவோலோ பிரான்செஸ்கோ ஸ்தாலியேனோவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வந்து கற்றுத் தந்தார் என்ற கதை சுற்றுலாக் கையேடுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. என் சாய்வு ஸ்தாலியேனோ பக்கம். யார் செய்தாலும் செய்தது ஒன்றே: நொதித்தலை இடையில் நிற்கவிடாமல் இறுதிவரை கொண்டுபோனது. சர்க்கரை மறைந்ததும் அதுவரை போர்த்தியிருந்த துவர்ப்பு முழுதாக வெளியே தெரிந்தது. அதை அடக்கக் காலம் தேவைப்பட்டது. இன்றைய சட்டப்படி பரோலோ 38 மாதம் கழித்தே விற்பனைக்கு வரலாம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம். அந்தக் காலத்தில் டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைந்து உருமாறுகின்றன, ஒரு பகுதி அடியில் வண்டலாகப் படிகிறது. ரோஜாவும் வயலட்டும் தாரும் கலந்ததாகச் சொல்லப்படும் அதன் பெயர்பெற்ற மணமும் இந்தக் காத்திருப்பில்தான் விரிகிறது.

இனி அந்தச் சண்டை. 1970களின் இறுதியில் உலகச் சந்தை கருத்த, பழம் மணக்கும், வாங்கியவுடன் குடிக்கத்தக்க வைனைத்தான் கேட்டது. பார்பரெஸ்கோவின் ஆஞ்சலோ காயா, தலைமுறைகளாக நெபியோலோ நின்ற நல்ல நிலத்தில் 1978இல் கபர்னே சோவின்யோனை நட்டார். அதைக் கடக்கும்போதெல்லாம் அவருடைய தந்தை “அய்யோ பாவம்” என்று உள்ளூர்ப் பேச்சில் முனகுவாராம். மகன் அந்தச் சொல்லையே, தர்மாஜி என்று, வைனுக்குப் பெயராக வைத்துவிட்டார். 1983இல் லா மொர்ராவின் எலியோ அல்தாரே இன்னும் ஒரு படி மேலே போனார். தந்தையின் பழைய ராட்சதப் பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டு, 225 லிட்டர் கொள்ளும் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களை வைத்தார். தந்தை அவருக்குச் சொத்து இல்லை என்று எழுதிவிட்டார்.

ரம்பம் எடுத்தவரின் கோபத்துக்குப் பின்னால் நல்ல வேதியியல் இருந்தது. பழைய முறையில் தோலும் சாறும் ஒரு மாதம், சில இடங்களில் இரண்டு மாதம் ஒன்றாகக் கிடக்கும்; நிறம் போய், விதையின் துவர்ப்பெல்லாம் இறங்கிவிடும். புதியவர்கள் சுழலும் தொட்டிகளில் சில நாட்களுக்குள் நிறத்தை வேகமாகக் கறந்துகொண்டு, விதை முழுதாகக் கரையும் முன் சாற்றைப் பிரித்தார்கள். புதுச் சிறு பீப்பாயின் மரத்துளை வழியே ஆக்சிஜன் சிறிது சிறிதாகக் கசியும். அதனால் உண்டாகும் அசிட்டால்டிஹைடு நிறமியையும் டானினையும் இணைக்கும் பாலமாகிறது. பாலம் போட்ட நிறமி எளிதில் வெளுக்காது. கறுத்த, மென்மையான பரோலோ கிடைத்தது. கூடவே புதிய ஓக்கின் வெனிலா வாசனையும் வந்தது. பழைய அணியின் பார்தோலோ மஸ்கரெல்லோ சும்மா இருக்கவில்லை. சிறு பீப்பாயையும் அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் ஒரே மூச்சில் மறுத்து, தன் கையால் படம் வரைந்த லேபிளைப் புட்டியில் ஒட்டினார். இன்று இரு அணிகளும் நடுவில் எங்கோ வந்து நிற்கின்றன. பலரும் பெரும் பீப்பாய்க்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் அழுக்கு மரத்தையும் அதிக மகசூலையும் ஒழித்த வகையில் ரம்பக்காரர்களுக்கு எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

நிறத்தின்மேல் இருந்த இந்த மோகத்துக்குப் பலியான ஒரு கொடியும் உண்டு. நெபியோலோவில் லம்பியா, மிக்கெத், ரோசே என்று மூன்று வகை இருப்பதாக விவசாயிகள் பிரித்திருந்தார்கள். அவற்றில் ரோசேயின் வைன் மற்றதைவிட வெளிறியது. எனவே தோட்டம் புதுப்பிக்கும்போதெல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். டி.என்.ஏ. சோதனை வந்தபோது கதை மாறியது. மிக்கெத் என்பது வைரஸ் தொற்றிய லம்பியாதான். ரோசேயோ நெபியோலோவின் வகையே அல்ல. அதன் தாயாகவோ பிள்ளையாகவோ இருக்க வேண்டிய தனித் திராட்சை. அதே நெருக்கமான உறவு பியட்மான்டின் இன்னொரு பழைய திராட்சையான ஃப்ரெய்சாவுக்கும் நெபியோலோவோடு உண்டு. இன்று நொவெல்லோ கிராமத்தில் முழுக்க ரோசேயிலிருந்தே ஒரு பரோலோ வருகிறது. அதன் வாசனைக்காகத் தேடிப்போய் வாங்குகிறார்கள்.

உறவு என்றதும் இந்த மாநிலத்தின் வெள்ளைத் திராட்சை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆஸ்டியைச் சுற்றிய சுண்ணாம்புக் குன்றுகளில் விளையும் மொஸ்காட்டோ பியாங்கோவுக்கு நிறமும் இல்லை, துவர்ப்பும் இல்லை. வாசனைதான் அதன் ஆஸ்தி. லினலூல், ஜெரானியால் என்னும் டெர்பீன்கள் பழத்திலேயே நிறைந்திருப்பதால், வைன் திராட்சை போலவே மணக்கும் அபூர்வங்களில் அது ஒன்று. முழுக்க நொதித்தால் அந்த மணம் கெட்டுவிடும் என்பதால், ஆல்கஹால் ஐந்தரை சதவீதத்தை எட்டும்போதே தொட்டியைக் குளிர்வித்து, ஈஸ்டை வடிகட்டி நிறுத்திவிடுகிறார்கள். ஜெஃபர்சன் காலத்தில் குளிர்காலம் தானாகச் செய்ததை இப்போது எந்திரம் வேண்டுமென்றே செய்கிறது. அழுத்தத் தொட்டியில் நுரைக்க வைக்கும் முறையை 1895இல் ஆஸ்டி ஆய்வு நிலையத்தின் ஃபெதெரிக்கோ மார்தினோத்தி வகுத்தார். உலகம் அதைப் பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர் ஷார்மாவின் பெயரால் அழைக்கிறது. இந்த மொஸ்காட்டோவின் பிள்ளை அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட். அதற்கும் வட இத்தாலிய மலைத் திராட்சையான ஸ்கியாவாவுக்கும் பிறந்தது ஹாம்பர்க் மஸ்கட். அந்த ஹாம்பர்க் மஸ்கட்தான் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் தொங்கும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சை. அதன் பெயருக்குக் காரணமான வாசனை பாட்டன் வழிச் சொத்து.

லாங்கேயில் இப்போது வெயில் கூடிவருகிறது. அக்டோபர் கடைசிப் பறிப்பு செப்டம்பர் பக்கம் நகர்ந்துவிட்டது. பதினான்கு சதவீத ஆல்கஹால் சாதாரணம். சூடு மிகுந்தால் தோல் ஆந்தோசயனினை உண்டாக்குவதே குறைகிறது என்பதால், வெப்பமான ஆண்டுகளில் நெபியோலோ முன்னிலும் வெளிறிப் போகிறது. பழத்துக்கு வெயில் படட்டும் என்று இலையைக் கிள்ளியெறிந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று நிழலுக்காக இலையை விட்டு வைக்கிறார்கள். பரோலோவின் விலையைப் பார்த்து டொல்செட்டோ நின்ற குளிர்ந்த மேட்டு நிலங்களிலும் நெபியோலோ நடுகிறார்கள். சாப்பாட்டு மேசையின் பழைய தோழனான டொல்செட்டோ ஆண்டுக்காண்டு சுருங்கிவருகிறது. 45 டிகிரி விதியைத் தளர்த்தி வடக்குச் சரிவையும் திறந்துவிடலாமே என்று ஒரு தரப்பு கேட்கிறது. அந்தச் சரிவில் ஹேசல்நட் வைத்திருப்பவர்களில் சிலருக்கு அது நல்ல செய்தி; சோரிக்குப் பெரும் விலை கொடுத்தவர்களுக்கு அப்படியல்ல.